மத்தியான இடிக்கு முன்னால் 18 ஹோல்

நீங்கள் கேட்டது இதுதான்: ஜனவரி முதல் வாரம் டர்பனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறீர்கள், இரண்டு ராத்திரி தங்கல், நடுவில் ஒரு நாள் கோல்ஃப். ஆடப்போவது நான்கு பேர்: நீங்கள், போன வருடம்தான் கிளப் (கோல்ஃப் மட்டை) பிடிக்கக் கற்றுக்கொண்ட உங்கள் மனைவி, ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மைத்துனர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் 68 வயது மாமனார். மாமியாரும் இரண்டு குழந்தைகளும் கூட வருகிறார்கள், அவர்கள் ஆடவில்லை. எந்த கோர்ஸ் (மைதானம்), எந்த டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும், அதாவது ஹோலுக்கும், முதல் அடி அடிக்கும் இடம்) ஆடுவது, என்னென்ன எடுத்துப்போவது, காலையில் எல்லோரும் மலைப் பக்கம் நடந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடலாமா என்று ஐந்தாறு கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். ஜனவரியில் அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் கோல்ஃப் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற திட்டமெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

ஏன் என்றால், கோடையில் இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று காலை வெயிலில் சூடாகி அந்தச் சரிவுகளில் மேலே ஏறுகிறது. எதிரே 3,000 மீட்டருக்கு மேல் சுவர் மாதிரி மலை. ஜூலு மக்கள் அதற்கு வைத்த பெயர் உக்ஹாலாம்பா, ஈட்டிகளை வரிசையாக நட்டு வைத்த தடுப்பு என்று அர்த்தம், பார்த்தால் பெயர் சரிதான் என்று தெரியும். காற்று அதில் முட்டி இன்னும் மேலே போய்க் குளிர்ந்து, பத்து பதினோரு மணிக்குப் பஞ்சு மாதிரி இருந்த மேகம் ஒரு மணிக்குக் கருத்து நிற்கும். இரண்டிலிருந்து நாலுக்குள் இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். தினமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, ஆனால் ஜனவரியில் எந்த நாளும் இப்படி ஆகலாம். காலை ஏழு மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஏழு வருடம் முன்னால் ஒரு டிசம்பர். நாங்கள் நான்கு பேர், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு அண்ணன்தான் தலைவர், காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டு 11.20-க்கு ஆட்டத்தை ஆரம்பித்தோம். பதின்மூன்றாவது ஹோலில் கிரீனுக்குப் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்தில் பங்கர் என்கிற மணல் பள்ளத்தை வாரிக்கொண்டிருந்த கேடி (பை தூக்கி உதவுகிறவர்) வாரியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். வானத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன, அதைப் பார்த்தார். "இஸூலு லியதூமா" என்றார். வானம் இடிக்கிறது என்று அர்த்தம். எங்கள் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. அண்ணனுக்கு இரண்டு மீட்டர் பட் (கிரீனில் குழியை நோக்கி உருட்டும் அடி), பத்து ராண்ட் பந்தயம், குனிந்து உட்கார்ந்து கோடு பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்பா" என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் ஆலங்கட்டி வந்துவிட்டது. யாரோ கூடை கூடையாக ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. கிரீன் முழுக்க வெள்ளை வெள்ளையாக உருண்டை, அதில் அவருடைய பந்து எது என்றே தெரியவில்லை. ஓடி கார்ட்டில் ஏறி கிளப் ஹவுஸ் வந்து சேருவதற்குள் இரண்டு முறை மின்னல் மிகப் பக்கத்தில் விழுந்தது. நாங்கள் பிழைத்தது சாமர்த்தியத்தால் இல்லை.

உள்ளே சூப் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் டர்பன் இந்திய கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் கதையை எடுத்தார். மழை பெய்தால் அந்தக் கதை வராமல் இருக்காது. 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நட்டால் ஓப்பன் போட்டியை பாப்வா ஜெயித்தார். அன்றைக்கும் மழை. இனச் சட்டப்படி இந்தியர் கிளப் ஹவுஸுக்குள் வரக் கூடாது என்று கோப்பையை வெளியே மழையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். கேடியாக இருந்தவர், இரண்டு கையையும் மாற்றிப் பிடித்து அடித்தவர், அந்தப் பிடியிலேயே டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை ஜெயித்தவர். 1965-இல் அதே நட்டால் ஓப்பனில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார். "நாம உள்ளே சூப் குடிக்கிறோம் பாரு" என்றார் அண்ணன். அப்புறம் ஆலங்கட்டியில் விட்டுப்போன அந்த பட் குழியில் விழுந்ததாகவே கணக்கு வைக்க வேண்டும் என்று சண்டை பிடித்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டீ டைம், அதாவது ஆட்டம் ஆரம்பிக்கும் நேரம், 6.30-க்கும் 7.15-க்கும் நடுவில் வாங்குங்கள். ஜனவரியில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. நான்கு பேர், அதில் ஒருவர் புதியவர், ஒருவர் வயதானவர், பாதி ஆட்டத்தில் சாப்பிட நிற்கும் ஹாஃப்வே ஹவுஸில் இருபது நிமிடம், எல்லாம் சேர்த்து நாலரையிலிருந்து ஐந்து மணி நேரம். 6.50-க்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். பண்டிகைக் கூட்டமுள்ள நாட்களில் சில இடத்தில் முதல் ஹோல், பத்தாவது ஹோல் என்று இரண்டு டீயிலிருந்தும் ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள், உங்களைப் பத்தாவது ஹோலில் தொடங்கச் சொன்னால் தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், நேரம்தான் முக்கியம். ஆட்டம் நடுவில் ஒரு நீளமான சைரன் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும், பட் கூடப் போடக் கூடாது. மூன்று சின்ன ஒலி என்றால் ஆட்டம் நிற்கிறது ஆனால் ஆரம்பித்த ஹோலை முடிக்கலாம், இரண்டு சின்ன ஒலி என்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். சைரன் அடிக்காவிட்டாலும் மின்னல் ஆபத்து என்று உங்களுக்குப் பட்டால் நீங்களாகவே நிறுத்திக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, அதற்கு அபராதம் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, போதும், கிளம்புங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். மரத்தடி கூடாது, குடை கூடாது, கோல்ஃப் கார்ட்டின் கூரை ஒரு பாதுகாப்பும் இல்லை. கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய கார், இரண்டுதான்.

கோர்ஸ் எது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உங்கள் கூட்டத்துக்கு நடு பெர்க் (டிராக்கன்ஸ்பெர்க்கின் நடுப்பகுதி), அதாவது விண்டர்டனிலிருந்து ஆர்600 சாலையில் போகும் ஷாம்பெயின் பள்ளத்தாக்கு. அங்கே ஷாம்பெயின் ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டில் 18 ஹோல் இருக்கிறது, நிமிர்ந்தால் எதிரே ஷாம்பெயின் காஸில் 3,377 மீட்டர், அதற்கு முன்னால் துருத்திக்கொண்டு கேத்கின் பீக். சாலை போய் முடிகிற மங்க்ஸ் கவுல் பக்கம் ஒரு 9 ஹோல் கோர்ஸும் உண்டு. கத்தீட்ரல் பீக் ஹோட்டலிலும் 9 ஹோல், அது வேறு பள்ளத்தாக்கு, அழகு என்றால் எனக்கு அதுதான் முதலிடம், ஆனால் 18 ஆட ஆசைப்படுகிற மைத்துனரை வைத்துக்கொண்டு அங்கே போனால் அதே ஒன்பதைத் திருப்பி ஆட வேண்டும், அவர் முனகுவார். தெற்கே அண்டர்பெர்க் பக்கம் டிராக்கன்ஸ்பெர்க் கார்டன்ஸில் 18 இருக்கிறது, நல்ல இடம், ஆனால் ஜோபர்க்கிலிருந்து வருகிறவருக்குச் சுற்று. நடு பெர்க் என்றால் அவர் வடக்கிலிருந்தும் நீங்கள் தெற்கிலிருந்தும் அதே என்3 நெடுஞ்சாலையில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

ஒரே ஒரு யோசனை. உங்கள் மனைவிக்கு முதல் மலை ரவுண்டே 18 ஹோலாக இருக்க வேண்டியதில்லை. போய்ச் சேருகிற நாள் சாயங்காலம் இடி ஓய்ந்திருந்தால் அந்தச் சின்ன கோர்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்டு, நீங்கள் இருவர் மட்டும் நாலைந்து ஹோல் நடந்து பாருங்கள். சரிவில் நின்று அடிப்பது என்றால் என்ன என்பது மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் தெரியவருவதைவிட முந்தின நாள் தனியாகத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்று காலையிலேயே டர்பனிலிருந்து ஓட்டிப்போய் ஆடலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம், பீட்டர்மரிட்ஸ்பர்க் தாண்டினால் டவுன் ஹில் ஏற்றத்தில் லாரியும் மூடுபனியும், ஜனவரி முதல் வாரம் என்றால் கடற்கரைக்கு வந்த ஹவுடெங் (ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மாகாணம்) கூட்டம் முழுவதும் திரும்பிப் போகிறது, மூயி ரிவர் டோலில் வரிசை. முந்தின நாள் காலை எட்டு மணிக்குள் கிளம்பி மதியம் இடிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள். எஸ்ட்கோர்ட் தாண்டி ஆர்74-இல் விலகி விண்டர்டன், அங்கிருந்து ஆர்600. எஸ்ட்கோர்ட்டிலிருந்து லோஸ்கோப் வழியாகக் குறுக்கே ஒரு சாலை போகிறது, மேப் அதைத்தான் காட்டும், மாடும் ஆடும் சாலையில் நிற்கும், பள்ளமும் உண்டு, பகலில் பரவாயில்லை, இருட்டிய பிறகு அந்த வழியே வேண்டாம்.

இப்போது தூரக் கணக்கு. இதைத்தான் எல்லோரும் தப்பாகப் போடுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று லேசாகிறது, பந்துக்கு எதிர்ப்பு குறைகிறது, அந்த உயரத்தில் கடல் மட்டத்தைவிட 5 சதவீதம் போலத் தூரம் கூடும். டர்பனில் 7 அயர்ன் என்கிற கிளப்பில் 140 மீட்டர் போகிற பந்து அங்கே 147. அரை கிளப்புக்குச் சற்று மேல். ஆனால் இது வெயில் ஏறிய பிறகு. காலை ஏழு மணிக்கு அங்கே ஜனவரியிலும் குளிரும், பந்தும் குளிர்ந்திருக்கும், உங்கள் முதுகும் வளையாது, பனியில் நனைந்த ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டிவைத்த புல்வெளி) பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். அதனால் முதல் நாலைந்து ஹோலுக்கு டர்பன் கணக்கே போதும், ஒன்பது மணிக்கு மேல் 5 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மைத்துனர் கதை வேறு. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல், அவர் பழகின தூரம் அங்கே கிடைக்காது, முதல் சில ஹோலில் கிரீனுக்கு முன்னாலேயே விழும். "இது 8 அயர்ன்தான்" என்று அவர் உறுதியாகச் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டு நீங்கள் கிளப் எடுக்காதீர்கள், அவரவர் கணக்கு அவரவருக்கு. அப்புறம் லேசான காற்றில் பந்து அவ்வளவு உயரமாக ஏறாது, வளைவும் குறையும். உங்கள் பந்துக்கு வலது பக்கம் வளைந்து ஓடுகிற பழக்கம் இருந்தால் அது கொஞ்சம் நேராகும், சந்தோஷம். அதே சமயம் தாழ்வாக வந்து விழுகிற பந்து கிரீனில் நிற்காமல் ஓடும், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேடு பள்ளத்துக்கு ஒரு நாட்டுக் கணக்கு இருக்கிறது: கிரீன் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறதோ அத்தனை மீட்டரைக் கழி, மேலே இருந்தால் கூட்டு. அதுவே போதும். உங்களிடம் சரிவைக் கணக்குப் போடும் ரேஞ்ச் ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) இருந்தால் நட்பு ஆட்டத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள், போட்டி என்றால் அந்த வசதியை அணைத்து வைக்க வேண்டும். பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடது பக்கம் இழுக்கும், கீழே இருந்தால் வலது பக்கம் போகும், வலது கைக்காரருக்குச் சொல்கிறேன். அந்த மாதிரி நிலையில் முழு வீச்சு வேண்டாம், ஒரு கிளப் கூட எடுத்து முக்கால் வீச்சு.

கிரீனில் கண்ணை நம்பாதீர்கள். பின்னால் அவ்வளவு பெரிய மலை நிற்கும்போது, மொத்த நிலமும் அதிலிருந்து விலகிச் சரிந்திருக்கிறது, ஆனால் சரிவிலேயே நின்று பார்க்கிற கண்ணுக்கு அது சமமாகத் தெரியும், சமமான இடம் மேடாகத் தெரியும். கேடி "மலையிலிருந்து விலகிப் போகும்" என்று சொன்னால் உங்கள் கண் மாற்றிச் சொன்னாலும் கேடி பக்கம் நில்லுங்கள். முன்பதிவு செய்யும்போதே கேடி கிடைப்பாரா என்று கேளுங்கள், ஒருவர் கிடைத்தாலும் நால்வருக்கும் உதவி. கையில் ரொக்கம் வைத்திருங்கள், முடிந்ததும் ஒரு "ங்கியபோங்கா" (ஜூலுவில் நன்றி) சொல்லிக் கொடுங்கள்.

புல்லைப் பற்றி உங்கள் மாமாவிடம் கேளுங்கள், அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நட்டாலின் உள்பகுதியில் ஃபேர்வே பெரும்பாலும் கிக்குயு புல். கென்யா மலைப்பகுதிப் புல், நீலகிரியிலும் இதே புல் வந்து பரவிக் கிடக்கிறது, ஊட்டி, வெலிங்டன் பக்கம் ஆடியவருக்குப் பழகின விரோதி. ஃபேர்வேயில் அது நல்ல புல், பந்தை மெத்தையில் வைத்த மாதிரி தூக்கிக் கொடுக்கும். ஓரத்தில் ரஃபுக்குள், அதாவது நீளமாக விட்ட புல்லுக்குள், போனால் கயிறு மாதிரி கிளப் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அங்கே வீரம் காட்டாமல் பந்தை உயரமாகத் தூக்கும் வெட்ஜ் கிளப்பை எடுத்து ஃபேர்வேக்குத் தள்ளிவிடுங்கள். கிரீன் ஓரத்திலும் டர்பனில் அடிக்கிற மாதிரி உருட்டிவிடலாம் என்று நினைத்தால் கிக்குயு பந்தைப் பிடித்து நிறுத்திவிடும், கொஞ்சம் தூக்கி கிரீனிலேயே இறக்க வேண்டும். பட்டர் (பட் போடும் கிளப்) வைத்துத் தள்ளுவது சுத்தமாக வேலைக்கு ஆகாது. நீங்கள் குளிர்காலத்தில் போயிருந்தால் இந்தப் புல் பனி பட்டுக் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், பந்து ஓடு ஓடு என்று ஓடும், வானமும் மாதக்கணக்கில் தெளிவாக இருக்கும், ஆனால் கிரீனில் உறைபனி விலகும் வரை காலையில் ஆடவிட மாட்டார்கள். ஆட்டத்துக்கு மட்டும் என்றால் எனக்கு மே மாதம்தான் பிடிக்கும். உங்களுக்கு விடுமுறை ஜனவரியில், என்ன செய்வது.

டீ விஷயத்தில் மானம் பார்க்காதீர்கள். ஒரு பழைய கணக்கு: நீங்கள் 5 அயர்னில் சராசரியாக எவ்வளவு அடிக்கிறீர்களோ அதை 36-ஆல் பெருக்குங்கள், அவ்வளவு நீளமான கோர்ஸ்தான் உங்களுக்குச் சரி. 130 மீட்டர் என்றால் 4,680. சராசரி என்றால் சராசரி, வாழ்க்கையில் ஒரு தடவை காற்று பின்னால் இருந்தபோது அடித்தது இல்லை. மாமாவும் உங்கள் மனைவியும் முன் டீயிலிருந்தும், மைத்துனர் பின் டீயிலிருந்தும் அடிக்கட்டும், ஒரே குழுவில் வேறு வேறு டீ இருக்கலாம், திறமைக்குத் தக்கபடி அடிகளில் சலுகை தரும் ஹேண்டிகேப் கணக்கு அதைச் சரிசெய்துவிடும். இந்தியாவிலும் இங்கேயும் இப்போது ஒரே உலக ஹேண்டிகேப் முறைதான், மாமாவின் கோயம்புத்தூர் இன்டெக்ஸை (ஹேண்டிகேப் எண்) அப்படியே இங்கே பயன்படுத்தலாம், அந்த டீயின் அட்டவணையில் அவருக்கு எத்தனை ஸ்ட்ரோக் (அடி) சலுகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை இரண்டு ஜோடியாக, பெட்டர்பால் ஸ்டேபிள்ஃபோர்டாக (ஹோலுக்கு ஹோல் புள்ளி வாங்கும் முறை) வையுங்கள். ஜோடியில் யார் நன்றாக அடித்தாரோ அவர் புள்ளி மட்டும் கணக்கு. உங்கள் மனைவிக்கு ஒரு ஹோல் கெட்டுப்போனால் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலுக்கு வரலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை, நேரமும் மிச்சம். மனைவியை மாமாவோடு சேர்த்துவிடுங்கள், உங்களோடு வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், கல்யாணமாகி இருபது வருடம் ஆனவன் சொல்கிறேன். கோர்ஸில் யாரும் உங்கள் மனைவிக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று முதல் டீயிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக மைத்துனரிடம்.

பந்து தேட மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன்னால் ஐந்தாக இருந்தது. அந்த மூன்றையும் நீளமான புல்லில் செலவழிக்க வேண்டாம், பஃப் ஆடர் என்கிற விரியன் அந்தப் பக்கம் உண்டு, அது நகராமல் படுத்திருக்கிற பாம்பு, மிதித்தால்தான் தெரியும். கையை விட்டுத் துழாவாதீர்கள், கிளப்பால் விலக்கிப் பாருங்கள், கிடைக்கவில்லையா, விடுங்கள். உள்ளூர் விதியாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது: தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் வந்து இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்தோடு பந்தைப் போட்டு ஆடலாம், டீக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. நட்பு ரவுண்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு டஜன் பழைய பந்து போதும், புதுப் பந்தை மலைக்குக் கொண்டுபோவது கோயில் உண்டியலில் போடுவது மாதிரி, ஆனால் புண்ணியம் கிடையாது.

சாப்பாடு. ஒன்பது ஹோல் முடிந்ததும் ஹாஃப்வே ஹவுஸில் நிற்பது இந்த நாட்டில் சடங்கு மாதிரி, மாமாவுக்கு அது புதுசாக இருக்கும், ரசிப்பார். அவர் சைவம் என்றால் சீஸ்-தக்காளி டோஸ்ட்டும் சிப்ஸும் எங்கேயும் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவீர்கள் என்று எனக்குத் தெரியும், நாமெல்லாம் அப்படித்தானே. ஆனால் கார்ட்டில் திறந்து வைத்துவிட்டுப் பட் போடப் போகாதீர்கள். பபூன் என்கிற பெரிய குரங்கு அங்கே கூட்டமாகத் திரிகிறது. ஒரு தடவை என் பையின் ஜிப்பைத் திறந்து, ஃபாயிலில் சுற்றிய புளிசாதப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, ஒரு வாய் போட்டு, முகத்தைச் சுளித்துவிட்டு வேர்க்கடலையை மட்டும் ஒன்றொன்றாகப் பொறுக்கித் தின்றது. நாங்கள் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். விரட்டப் போகாதீர்கள், பல் பெரியது. பை மூடியிருந்தால் போதும் என்று இல்லை, சாப்பாடு காரின் பூட்டிய டிக்கியில் இருக்கட்டும்.

ஆடாதவர்களுக்கும் அதே காலைதான். மாமியாரும் குழந்தைகளும் மங்க்ஸ் கவுல் வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கி ஸ்பிங்ஸ் பாறைப் பக்கம் போகும் பாதையில் முடிந்த தூரம் நடந்துவிட்டு வரலாம், ஆரம்பத்திலேயே ஏற்றம், மூட்டு வலி இருந்தால் கீழேயே ஓடைப் பக்கம் இருந்துவிடலாம். அந்த மலைத்தொடர் 2000-இல் உலகப் பாரம்பரிய இடமானது, சான் மக்களின் பாறை ஓவியங்களும் அதற்கு ஒரு காரணம். அவர்களும் பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும், மின்னலுக்கு கோல்ஃப் ஆடுகிறவர் ஆடாதவர் என்று கிடையாது. மதியம் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பயணத்தில் அதுதான் உச்சம்.

எடுத்துப்போக வேண்டியது அதிகம் இல்லை. காலைக்கு ஒரு ஜெர்சி, எட்டரைக்கு அதைக் கழற்றுவீர்கள். மழைச் சட்டை. இரண்டு கிளவுஸ், ஒன்று பனியில் நனைந்துவிடும். சன்ஸ்கிரீன் கட்டாயம், குளிர்காற்றில் வெயில் உறைக்காது, சாயங்காலம் காதும் பின்கழுத்தும் எரியும்போதுதான் தெரியும். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் வேண்டாம், சாஃப்ட் ஸ்பைக் ஷூ. தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு.

முன்பதிவுக்குக் கூப்பிடும்போது இவற்றைக் கேளுங்கள்: கார்ட் வாடகை கட்டணத்தில் சேர்ந்ததா தனியா, நால்வருக்கு இரண்டு கார்ட் உறுதியாகக் கிடைக்குமா, முந்தின நாள் மழை பெய்திருந்தால் கார்ட்டை ஃபேர்வேக்குள் விடுவார்களா பாதையிலேயே நிறுத்த வேண்டுமா. கடைசிக் கேள்வி மாமாவின் முழங்காலுக்காக. பாதையில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு அடிக்கும் சரிவில் ஏறி இறங்குவது 68 வயதில் விளையாட்டு இல்லை, அப்படி ஆகிவிட்டால் அவர் முதல் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும், முன்பே சொல்லி வைத்துவிட்டால் அவருக்கும் சங்கடம் இருக்காது. அவருக்கு வாடகை கிளப் செட் வேண்டும் என்றால் லேசான கிராஃபைட் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டம் நடுவில் மின்னலால் நின்றுபோனால் பணம் திரும்புமா, வேறு நாளுக்குச் சீட்டு தருவார்களா என்பதையும் கேட்டு, பதிலை வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு ராத்திரி தங்குகிறீர்கள், முதல் காலை முழுக்க மூடுபனியாக இருந்து எதிரே இருக்கிற மலையே தெரியாமல் போனால், கிளம்புகிற நாள் காலை ஒன்பது ஹோலுக்கு ஒரு இடம் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடலாம்.

இந்த வாரமே கூப்பிடுங்கள். பண்டிகைக் காலத்தில் காலை ஏழு மணி இடங்கள்தான் முதலில் போகும், கடைசியில் மிச்சம் இருப்பது 11.20.